இடுப்பில் ஏறிய ரேடியோ

ரெய்னோ எதை வாங்கி வந்தாலும் அதைப் பற்றி வாய் திறக்கமாட்டான். மேசைமேல் வைப்பான், தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவான். அன்றும் அப்படித்தான். அவன் மனைவி ஐலா அடுப்படியில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். பின்கதவு திறக்கும் சத்தம், பூட்ஸைக் கழற்றிப் போடும் சத்தம், அப்புறம் மேசைமேல் ஓர் அட்டைப்பெட்டி உட்காரும் சத்தம்.

"என்னது அது?"

"தொட்டுப் பாரு."

"கை ஈரமா இருக்கு."

"தொடைச்சுட்டுத் தொடு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு தொட்டாள். பெட்டியின் ஒட்டுத்தாள் ஏற்கெனவே கிழிந்திருந்தது. உள்ளே குளியல் சோப்பைவிடச் சற்றுப் பெரிதாக, ஆனால் நல்ல கனமாக ஒன்று. தலையில் ரப்பர் வால் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. வாலைத் தொட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எனக்கா?"

"பின்ன எனக்கா? எனக்கு நேர்ல பேசுறதுக்கே பிடிக்காது."

அவள் விரல்கள் பேசவும் கேட்கவும் ஆகும் அந்தச் சின்னக் கைரேடியோவின் பக்கவாட்டில் நடந்தன. பேசும் பட்டனின் மேல் அரிசி அளவுக்கு ஒரு புடைப்பு. அலைவரிசை மாற்றும் பட்டனில் இரண்டு. விளக்குப் பட்டனில் ஒரு குறுக்குக்கோடு.

"இதெல்லாம் கம்பெனிக்காரனே வெச்சதா?"

"இல்ல."

"பின்ன?"

"பசை. நேத்து ஷெட்ல உக்காந்து வெச்சேன். இந்நேரம் காஞ்சிருக்கும்."

அவள் பதில் சொல்வதற்குள் அவன் விறகு எடுக்க வெளியே போயிருந்தான்.

ஐலா நிஸ்கனன் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல்காரியாக இருந்தவள். அமெரிக்காவின் வடக்கே, சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கும் ஆல்டர் பாயின்ட்டில் பிறந்து வளர்ந்த யாரும் அவள் கைச்சாப்பாட்டைச் சாப்பிடாமல் பெரியவர்களாகவில்லை. அவளுடைய கண் மெல்ல மெல்லப் போனது. முதலில் ஓரங்கள் மறைந்தன. பிறகு நடுவிலும் புகை கவிந்தது. டுலூத் நகரத்துக் கண் மருத்துவர் நரம்பு சம்பந்தப்பட்டது என்றார், வருந்தினார், அவ்வளவுதான் அவரால் முடிந்தது. அவள் யாரிடமும் சொல்லாமல் கையால் தடவித் தடவியே வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை, சிலி சூப்போடு கொடுக்கும் இலவங்கப்பட்டை இனிப்பு ரொட்டியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைக் கொட்டிவிட்டாள். தட்டுகள் எல்லாம் காலியாகத்தான் திரும்பி வந்தன. மிச்சத்தைச் சாயங்காலம் தான் கடித்துப் பார்த்தபோதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. அத்தனை பிள்ளைகளும் ஒன்றும் சொல்லாமல் அதைத் தின்றிருக்கிறார்கள், அல்லது சட்டைப்பையில் ஒளித்து வெளியே கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார்கள். அன்றைக்கு அவள் அழுதாள். வேலை போகப்போகிறது என்பதற்காக அல்ல. அந்த வருஷத்தோடு தானாகவே விலகிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வந்த குளிர்காலம் நீளமாக இருந்தது. ரெய்னோ மாவட்டச் சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன். விடிவதற்கு முன் போனால் இருட்டியபின் வருவான். வந்தாலும் பேசமாட்டான். ஐலா நாற்காலியில் உட்கார்ந்து, சுவர்க் கடிகாரத்தோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தாள். அப்போதுதான் லவோன் வந்து சேர்ந்தாள். மாவட்ட நூலக வண்டியை ஊர் ஊராக ஓட்டுகிறவள், வாய் ஓயாதவள். பார்வையில்லாதவர்களுக்கான ஒலிப் புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுப்பாள். ஒருநாள் கதைப் புத்தகத்துக்கு நடுவே பொழுதுபோக்காக ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோவுக்கான லைசென்ஸ் பரீட்சைப் பாடத்தையும் சொருகிவிட்டுப் போனாள்.

"இதை எதுக்குடீ எனக்குக் கொடுத்த?" என்று அடுத்த தடவை ஐலா கேட்டாள்.

"ரேடியோல பேசுறவங்க யாரையும் யாரும் பாக்கறதில்ல. உனக்கும் எங்களுக்கும் அங்க ஒரு வித்தியாசமும் கிடையாது. அதான்."

ஐலா படித்தாள், கேள்விகளை வாசித்துக் காட்டச் சொல்லிப் பரீட்சை எழுதினாள், தேறினாள். அடுப்படி மூலையில் ஒரு பழைய மேசை ரேடியோவை வைத்துக்கொடுத்தவர் ஆர்விட். இரும்புத்தாது ரயிலில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். மலைமேல் இருக்கும் ரிப்பீட்டர் கோபுரம் அவர் பொறுப்பில்தான் இருந்தது. கீழே இருந்து யார் பேசினாலும் அந்தக் கோபுரம் வாங்கி மறுபடி வீசும். கரை நெடுக, கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காத பள்ளத்தாக்குகளில்கூடக் கேட்கும். அந்த மூலையில் உட்கார்ந்துதான் ஐலாவுக்கு மறுபடி உலகம் கிடைத்தது. ஆனால் மைக்கின் சுருள் வயர் எவ்வளவு நீளுமோ அவ்வளவுதான் அவளும். கட்டுத்தறி மாடு மாதிரி மூலையைச் சுற்றியே வந்தாள்.

இப்போது அந்தக் கயிறு அறுந்துவிட்டது.

புது ரேடியோவோடு முதல் சில நாட்கள் சண்டையும் சமாதானமுமாகப் போயின. அதற்குள் ஒரு பெண் குரல் இருந்தது. பட்டனை அழுத்தினால் அலைவரிசை எண்களைச் சொல்லும். பேருந்து நிலையத்தில் தூக்கக் கலக்கத்தோடு அறிவிப்புச் சொல்கிறவளைப் போல ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொள்ளும். அவள் சொல்லி முடிப்பதற்குள் ஐலா இரண்டு அலைவரிசை தாண்டிப் போய்விடுவாள். இடுப்புவாரில் மாட்டும் கொக்கிக்குப் பிடிமானம் போதவில்லை. குனிந்தால் கழன்று விழுந்தது. ஒருமுறை மாவுப் பாத்திரத்தில் விழுந்தது. துடைத்து அழுத்தினால் அந்தப் பெண் ஒன்றுமே நடக்காதது போல எண்ணைச் சொன்னாள். அன்றிலிருந்து ஐலாவுக்கு அவள்மேல் மரியாதை வந்தது.

சாயங்காலம் ரெய்னோ வீட்டுக்குள் வந்து நின்றான்.

"எதுக்கு டார்ச் போட்டுட்டுத் திரியிற?"

"என்ன டார்ச்?"

"உன் இடுப்புல எரியுது பாரு."

ரேடியோவின் உச்சியில் சின்ன விளக்கு ஒன்று இருந்தது. குறுக்குக்கோடு போட்டிருந்தானே, அந்தப் பட்டன். அவள் அதை எப்போது அழுத்தினாள் என்றே தெரியவில்லை. "அப்ப மத்தியானம் பூரா எரிஞ்சிருக்கு," என்றாள். "தபால் கொடுக்க வந்தவன் ஏன் அப்படித் திணறுனான்னு இப்பத்தான் தெரியுது." ரெய்னோ சிரித்தான். அவன் சிரிப்பது மூக்கால் விடும் ஒரு மூச்சுதான். ஐலாவுக்கு அது போதும்.

குறைகள் இருந்தன. ஆனால் அவள் கோழிக்கூட்டிலிருந்து பேசினாள். துணி காயப்போடும் கொடியருகே நின்று பேசினாள். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சானா என்ற நீராவிக் குளியல் அறையின் வாசலில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து, உடம்பில் ஆவி பறக்கப் பறக்கப் பேசினாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் கரையோரத்து ஹாம் ரேடியோக்காரர்கள் எல்லாரும் ரேடியோவில் கூடுவார்கள். லவோன்தான் ஒவ்வொருவராகக் கூப்பிடுவாள்.

"ஐலா, புது ரேடியோ எப்படி இருக்கு? உள்ளதைச் சொல்லு. ஓவர்."

"கொக்கி மோசம். உள்ள இருக்கிற பொண்ணு சோம்பேறி. பேட்டரி நல்லா நிக்குது. சார்ஜ் ஏத்துற தொட்டில்ல வெச்சா 'டக்'னு பிடிச்சுக்குது, தேட வேண்டியதில்ல. சத்தம் சின்ன உடம்புக்குப் பெருசு. நான் இப்ப சானா வாசல்ல உக்காந்திருக்கேன். ஓவர்."

"துணி உடுத்தியிருக்கியா?" என்று ஆர்விட் குறுக்கே வந்தார்.

"ரேடியோல யாரையும் யாரும் பாக்கறதில்லன்னுதான் என்னைச் சேத்தீங்க. இப்ப கேள்வி கேட்டா எப்படி?"

அப்புறம் அவள் கொஞ்சம் தயங்கி, சனிக்கிழமை பழைய ரயில் பாதையில் தனியாக நடக்கப்போவதாகச் சொன்னாள். மரம் ஏற்றிப்போகும் ரயில் ஒரு காலத்தில் ஓடிய தடம் அது. தண்டவாளத்தைப் பிடுங்கிப் பல வருஷமாகிறது. நடுவில் சரளைக்கல், இரு பக்கமும் புல், நேர்க்கோடாக ஆற்றுப் பாலம் வரை போகும். கண் இருந்தபோது அவள் தினமும் நடந்த பாதை. கண் போனபின் ரெய்னோவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் போயிருக்கிறாள். அவன் வேகமாக நடப்பான். அவள் நிற்க நினைத்த இடத்தில் அவன் போய்க்கொண்டிருப்பான்.

பிறகு ஆர்விட் சொன்னார்: "நான் வீட்லதான் இருப்பேன். ரேடியோ போட்டு வெச்சிருப்பேன்."

ரெய்னோவிடம் சொன்னபோது அவன் சூப்பைக் கலக்கிக்கொண்டிருந்தான். கரண்டிச் சத்தம் நின்றது. "சனிக்கிழமை நான் தம்பி வீட்டுக் கூரை போடப் போறேன்," என்றான். "தெரியும்," என்றாள். மறுபடி கரண்டி கலக்கத் தொடங்கியது.

வெள்ளிக்கிழமை இரவு பலத்த காற்றடித்தது. காலையில் அடங்கிவிட்டது. வானம் மூடியிருந்தது, கன்னத்தில் வெயில் படவேயில்லை. அக்டோபர் மாதத்துப் பிர்ச் மரத்து இலைகள் அத்தனையும் ஒரே இரவில் உதிர்ந்து தரையில் கிடந்தன. ஐலா வெள்ளைக்கோலை எடுத்துக்கொண்டாள். கொக்கியை நம்பாமல், ரேடியோவைச் சட்டைமேல் பூட்டும் பெல்ட்டில் ஒரு நூற்கயிற்றால் கட்டிக்கொண்டாள். பந்தாட்ட மைதானத்துக்குப் பின்னால் பாதை தொடங்கும் இடத்தில் நின்று ஆர்விட்டைக் கூப்பிட்டு, கிளம்புவதாகச் சொன்னாள்.

நடந்தாள். கோல் நுனி சரளையில் கரகரத்தது. விலகினால் புல்லில் அமுங்கியது. அவ்வளவுதான் வழி. யாருடைய முழங்கையும் இல்லை. நிற்க நினைத்த இடத்தில் நின்றாள். ஒரு மரங்கொத்தி எங்கோ தட்டிக்கொண்டிருந்தது. அது முடிக்கும்வரை கேட்டாள். ஈர இலையின் வாசனையை மூக்கு நிறைய இழுத்தாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போனாள்.

அப்போதுதான் கோல் ஒரு மரத்தில் முட்டியது. இரவுக் காற்றில் விழுந்த பெரிய பிர்ச் பாதைக்குக் குறுக்கே கிடந்தது. ஏறித் தாண்ட முடியாத பருமன். அதன் உடம்பிலேயே கை வைத்துக்கொண்டு சுற்றிப் போய்விடலாம் என்று நினைத்தாள். அந்த மரம் விழும்போது இன்னொன்றையும் இழுத்துக்கொண்டு விழுந்திருந்தது அவளுக்குத் தெரியாது. கிளைகளுக்குள் புகுந்து வெளிவந்தபோது அவள் கையில் இருந்தது வேறு மரம். அதைப் பிடித்துக்கொண்டே போய் முடிவுக்கு வந்தாள். காலடியில் சரளை இல்லை. நாலா பக்கமும் கோலை நீட்டித் தடவினாள். இலை, பாசி, இலை.

சரி, ஏரி எந்தப் பக்கம் என்று காதைத் தீட்டினாள். இரவெல்லாம் குமுறிய ஏரி இன்னும் அடங்கவில்லை; அலையோசை மலைப்பாறையில் மோதி எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. திரும்பிப் போய் மரத்தைப் பிடிக்கலாம் என்று எட்டு வைத்தாள். மரமும் இல்லை. ஒரு பாசி படிந்த கட்டையில் உட்கார்ந்து, முட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். 'கண்ணிருந்தா இங்கிருந்து பாதை கைக்கெட்டுற தூரத்துல தெரியும்,' என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. பிறகு கை தானாக இடுப்புக்குப் போனது. பேசும் பட்டனின் புடைப்பு விரலுக்குக் கிடைத்தது.

"ஆர்விட், இருக்கீங்களா?"

"இருக்கேன். பாலம் வந்துட்டியா?"

"இல்ல. பாதையத் தொலைச்சுட்டேன்."

நடந்ததைச் சொன்னாள். ஆர்விட் நிதானமாகக் கேட்டார்.

"அடிபட்டிருக்கா?"

"இல்ல."

"அழுறியா?"

"இல்ல. குளிர்ல மூக்கு ஒழுகுது."

"ஐலா, நான் கேட்டுட்டுத்தான் இருக்கேன்," என்று லவோனின் குரல் பாய்ந்து வந்தது. அவள் நூலக வண்டியோடு கரையின் மறுகோடியில் இருந்தாள். "ஷெரீஃப் ஆபீசுக்குச் சொல்லி மீட்புப் படைய அனுப்பச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்," என்றாள் ஐலா, யோசிக்காமல். "நாயும் சைரனுமா வந்து என்னைத் தூக்கிட்டுப் போனா, அப்புறம் நான் வாசல்படி தாண்ட முடியாதுடீ. ஊரே முழங்கைய நீட்டிட்டு நிக்கும்."

"அவ சொல்றது சரி," என்றார் ஆர்விட். "ஆனா ஐலா, இருட்டுறதுக்குள்ள நீ வெளிய வரலேன்னா நானே அவங்களக் கூப்பிடுவேன். அதுல பேச்சு கிடையாது. இப்ப அங்கேயே உக்காந்திரு. நான் வண்டிய எடுத்துட்டு மைதானத்துக்கு வரேன்."

ஆர்விட்டுக்கு அந்தக் கோடையில்தான் முட்டியை மாற்றியிருந்தார்கள். நான்கு கால் தாங்கியைப் பிடித்துத்தான் நடப்பார். காட்டுக்குள் அவரால் வர முடியாது. வந்து சேர்ந்து ஹாரன் அடித்துப் பார்த்தார். அதுவும் பாறையில் மோதி எல்லாப் பக்கமும் சுற்றியது.

"உபயோகமில்ல," என்றாள் ஐலா. "நாலு பக்கமும் நாலு லாரி நிக்கிற மாதிரி இருக்கு."

"சரி. அப்ப ரேடியோவாலேயே வருவோம். கோபுரத்தை விட்டுட்டு நேரடி அலைவரிசைக்கு வா. ரெண்டு புடைப்பு இருக்கிற பட்டன்."

அவள் அழுத்தினாள். உள்ளே இருந்த பெண் மூச்சு வாங்கி எண்ணைச் சொன்னாள். இந்த முறை ஐலா அவசரப்படாமல் கேட்டாள்.

"நானும் என் கைரேடியோவுல இருக்கேன்," என்றார் ஆர்விட். "சக்தியக் குறைச்சு வெச்சிருக்கேன். கேக்குதா?"

கேட்டது. ஆனால் மணல் உதிர்கிற மாதிரி ஓர் இரைச்சலுக்குள்ளிருந்து.

"அந்த இரைச்சல்தான் நமக்கு வேணும். இப்ப ரேடியோவ நெஞ்சோட ஒட்டி அணைச்சுக்கோ. மெதுவா ஒரு சுத்து சுத்து. நான் பேசிட்டே இருப்பேன். எந்தப் பக்கம் நிக்கும்போது இரைச்சல் அதிகமாகி என் குரல் மூழ்குதோ, அங்க நின்னுடு. அப்ப நான் சரியா உன் முதுகுக்குப் பின்னால இருக்கேன்னு அர்த்தம்."

"அது எப்படி?"

"உன் உடம்பு நடுவுல நின்னு மறைக்குது."

"நான் என்ன அவ்வளவு குண்டா?"

"நான் ஒண்ணும் சொல்லல. சுத்து."

ஐலா எழுந்து நின்றாள். கைக்குழந்தையை அணைப்பது போல ரேடியோவை அணைத்துக்கொண்டாள். கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினாள். ஆர்விட் பேசிக்கொண்டே இருந்தார்: முதலில் தன் முட்டியைப் பற்றி, பிறகு முட்டி மாற்றிய மருத்துவரைப் பற்றி. குரல் தெளிவாக இருந்தது. இன்னும் திரும்பினாள். மணல் கூடிக்கொண்டே வந்து, மருத்துவர் பாதியில் மூழ்கிப்போனார். இன்னும் கொஞ்சம் திரும்பினால் மறுபடி மேலே வந்தார். ஐலா இரண்டு தடவை போய் வந்து பார்த்து, மூழ்கிய இடத்தில் நின்றாள். அங்கிருந்து நேர் எதிராகத் திரும்பினாள். அந்தப் பக்கம் அவள் நினைத்துக்கூடப் பார்க்காத பக்கம். அவள் தன் போக்கில் எழுந்து நடந்திருந்தால் காட்டுக்குள்ளேதான் போயிருப்பாள்.

"கிடைச்சுட்டீங்க," என்றாள்.

"அப்ப வா. கொஞ்சம் நட, நில்லு, மறுபடி சுத்திப் பாரு."

நடந்தாள். கிளைகள் முகத்தில் கீறின. ஒரு கால் சதுப்பில் இறங்கி பூட்ஸுக்குள் பனித்தண்ணீர் புகுந்தது. நின்றாள், சுற்றினாள், திசையைச் சரிசெய்தாள். ஆர்விட்டுக்குப் பேச்சு தீர்ந்துகொண்டு வந்தது. தான் எஞ்சின் ஓட்டிய பாதையின் நிலையங்களை வரிசையாகச் சொன்னார். அது முடிந்ததும் வண்டியில் கிடந்த கோழித்தீவன மூட்டையில் அச்சடித்திருந்ததை வாசிக்க ஆரம்பித்தார். "சோளம், சோயா, சுண்ணாம்பு, ஈரமில்லாத இடத்தில் வைக்கவும்..."

"ஐலா, எப்படி இருக்க, தைரியமா இருக்கியா?" என்று திடீரென்று லவோனின் குரல் ஓங்கி வந்து எல்லாவற்றையும் மூடியது. நூலக வண்டியில் இருந்தது பெரிய ரேடியோ.

"லவோன், வாய மூடு," என்று சக்தியைக் கூட்டிக் கத்தினார் ஆர்விட். "அவ உன்னைத் தேடிட்டு ஏரியில இறங்கிடுவா."

லவோன் உடனே மறைந்தாள். ஐலாவுக்கு அந்தக் காட்டு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. கோலை ஊன்றிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்து முடித்தபோது பயம் பாதி போயிருந்தது.

மேலும் நடந்தபோது வேறு சிக்கல் வந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆர்விட்டின் குரல் ஒரே தெளிவாகக் கேட்டது. இரைச்சலே இல்லை.

"சுத்திப் பாத்துட்டேன், மூழ்கவே மாட்டேங்கறீங்க."

"நல்லதுதான். கிட்ட வந்துட்ட. ஆன்டெனாவக் கழட்டிப் பைல போட்டுக்கோ. ஆனா அதுக்கப்புறம் பேசாத. கேக்க மட்டும் செய்."

அவள் ரப்பர் வாலைத் திருகிக் கழற்றினாள். குரல் சட்டென்று கிணற்றுக்குள் இறங்கியது. இரைச்சல் திரும்பி வந்தது. சுற்றினாள். மூழ்கும் இடம் மறுபடி கிடைத்தது. பதில் பேச முடியாது, கேட்கத்தான் முடியும். பள்ளிக்கூடச் சமையலறையில் அத்தனை பிள்ளைகள் அவளைக் கேள்விமேல் கேள்வி கேட்டது நினைவுக்கு வந்தது. யாராவது ஒருவர், கோழித்தீவனத்தையாவது, நமக்காக விடாமல் வாசித்துக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று தோன்றியது.

கோல் நுனி 'கரக்' என்றது.

அவள் நின்றுவிட்டாள். மறுபடி தட்டினாள். கரக். இந்தப் பக்கம் தட்டினாள், புல். அந்தப் பக்கமும் புல். குனிந்து கையால் தொட்டாள். ஈரமான, கூரான, சில்லென்ற சரளைக்கல். ஒன்றை எடுத்துக் கையில் வைத்து மூடிக்கொண்டாள், பிறகு கீழே போட்டுவிட்டு நடந்தாள்.

சற்று நேரத்தில் ஆர்விட்டின் குரல் இரண்டாகக் கேட்டது. ஒன்று கையிலிருந்த ரேடியோவில். இன்னொன்று எதிரே, காற்றில்.

"...குஞ்சுகளுக்குக் கொடுக்கக்கூடாது," என்று வாசித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "அதோ வர்றா."

அவர் நான்கு கால் தாங்கியோடு பாதைக்குள் தன்னால் முடிந்தவரை வந்திருந்தார். ஐலா அவர் கையைத் தேடிப் பிடித்தாள். குளிரில் அது கட்டையாக விறைத்திருந்தது. அவ்வளவு நேரம் கையுறையில்லாமல் பட்டனை அழுத்திக்கொண்டிருந்திருக்கிறார்.

"நன்றி, ஆர்விட்."

"எதுக்கு? நடந்தது நீ. நான் மூட்டைதான் படிச்சேன்."

"அதுக்குத்தான்."

அவர் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார். அதில் சர்க்கரை அளவுக்கு மேல் இருந்தது. அவள் வாயில் ஒட்ட ஒட்டக் குடித்தாள். ஆன்டெனாவை மறுபடி திருகி, கோபுரத்து அலைவரிசைக்கு மாற்றி, லவோனைக் கூப்பிட்டாள். கூப்பிட்டதும் லவோன் மட்டுமல்ல, யார் யாரோ பதில் சொன்னார்கள். தீயணைப்பு வண்டி ஓட்டுகிறவர், மீன் புகைபோடும் கடைக்காரர், வடக்கே எல்லை தாண்டிக் கனடாவிலிருந்து ஒருவர். அத்தனை பேரும் அத்தனை நேரமும் கோபுரத்து அலைவரிசையில் மூச்சுக் காட்டாமல் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவர்களில் இரண்டு குரல்கள் பிள்ளைக் குரல்களாக இருந்தபோதே அவளுக்குத் தெரிந்தவை. "இன்னும் கொஞ்சம் கிடைக்குமா, மிசஸ் நிஸ்கனன்?" என்று தட்டை நீட்டிய குரல்கள். இப்போது தடித்துப்போயிருந்தன. ஐலா எல்லாருக்கும் நன்றி சொல்ல முயன்றாள். பட்டனை அழுத்தினாள், வார்த்தை வரவில்லை, விட்டுவிட்டாள். யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

ரெய்னோ சாயங்காலம் வந்தான். பெட்ரோல் பங்கிலேயே அவனுக்கு விஷயம் கிடைத்திருந்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"போனியா?"

"போனேன்."

"வந்தியா?"

"வந்தேன்."

அவன் மூச்சு சீராக இல்லை. இனிமேல் போகாதே என்ற வார்த்தை வரும் என்று அவள் காத்திருந்தாள். அதற்கு என்ன பதில் சொல்வது என்றும் யோசித்து வைத்திருந்தாள். அவன் எழுந்து ஈரமான பூட்ஸை எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தான். மறுநாள் தேவாலயத்துக்கு வராமல், மரமறுக்கும் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு எங்கேயோ போனான். மத்தியானம் வந்தபோது அவன்மேல் பிர்ச் மரத்தூள் வாசனை அடித்தது.

அடுத்த சனிக்கிழமை ஐலா சட்டையை மாட்டிக்கொண்டிருக்கும்போது, அடுப்படி மூலையில் பழைய மேசை ரேடியோ உயிர்பெறும் சத்தம் கேட்டது.

"கேக்கறதுக்கும் லைசென்ஸ் வேணுமா?" என்றான் ரெய்னோ.

"வேண்டாம். பேசத்தான் வேணும்."

"அப்ப எனக்குச் சரியாப் போச்சு."

மரம் கிடந்த இடத்தைக் கடந்தபோது அவளுக்குத் தெரியவேயில்லை. மரத்தூள் காலில் மெத்தென்று பட்டபோதுதான் நின்றாள். பாதை முழு அகலத்துக்கும் சுத்தமாக இருந்தது. அவள் ரேடியோவை எடுத்தாள்.

"ஆர்விட், இருக்கீங்களா?"

"இருக்கேன். இன்னிக்கு நல்ல புத்தகமா எடுத்து வெச்சிருக்கேன்."

"தேவைப்படாது. மரம் இருந்த இடத்தைத் தாண்டிட்டேன். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், என் புருஷனைப் பத்தி. அவனும் வீட்டுல இதைக் கேட்டுட்டுத்தான் இருக்கான்."

"அப்ப அதை வீட்டுலயே சொல்லக்கூடாதா?"

"வீட்டுல சொன்னா எந்திரிச்சு விறகெடுக்கப் போயிடுறான்." அவள் கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "போன வாரம் அவ்வளவு நடந்தும், அவன் என்னைப் போகாதேன்னு சொல்லல. அந்த ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் நின்னிருப்பேன். அவனுக்கும் அது தெரியும். சொல்லாம இருந்தான். அதுக்கு நான் நன்றிக்கடன்பட்டவ. அவ்வளவுதான். ஓவர்."

லவோன்கூட வாய் திறக்கவில்லை. கடைசியில் ஆர்விட், "கேட்டுக்கிட்டேன்," என்றார், வழக்கத்தைவிட மெதுவாக.

ஐலா பாலம்வரை போனாள். பலகைகள் கோலுக்குக் கீழே டொக் டொக்கென்று ஒலித்தன. கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து ஆறு இறங்கும் சத்தத்தைக் கேட்டாள். போதும் என்கிற வரைக்கும் கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது காபி வாசனையும், ஏலக்காய் ரொட்டியைச் சுட வைத்த வாசனையும் வந்தன. ரெய்னோ அவள் முன்னால் கோப்பையை வைத்தான். எழுந்து போகவில்லை, எதிரே உட்கார்ந்தான்.

"ஆத்துல தண்ணி நிறைய போகுதா?"

"நிறைய."

"நாளைக்கு நானும் வரட்டா?"

"வா," என்றாள் ஐலா. "ஆனா மெதுவா நட. நான் நிக்கிற இடத்துல நிக்கணும்."

"சரி," என்று சொல்லி, ரொட்டியைப் பிய்த்துப் பெரிய பாதியை அவள் தட்டில் வைத்தான்.